வேற்றுக்கிரக பாஷை

ஐந்து வருடங்களுக்கு முன் ஒளிபரப்பாகித் தொலைந்துபோன ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி விண்வெளித் தொடரின் ஒரு பகுதி, யாரோ ரசிகர் வீட்டு வீடியோ கசட்டில் கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் பான் நகரத் திரையரங்கு ஒன்றில் அதைத் திரையிட்டபோது இடமே இல்லை. உருத்திரமூர்த்தி தனியாக வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்தான்.

திரையில் மூன்று கண் மிருகம் கைகளை விரித்துக் கரகரத்த குரலில் கத்தியது. கீழே ஜெர்மன் எழுத்து ஓடியது: 'பூமிவாசிகளே, சரணடையுங்கள்!'

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

விளக்கு எரிந்ததும் பக்கத்து ஜெர்மன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பாஷை! இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு மூளை வேண்டும்!"

உருத்திரமூர்த்தி தலையாட்டி வைத்தான்.

கூட்டம் கலைந்தது. அரங்கைக் கூட்டுவதற்காக வாசலில் விளக்குமாற்றோடு நின்ற பெண் அவனையே பார்த்தாள்.

"தம்பி, யாழ்ப்பாணமோ?"

"ஓம் அக்கா."

"அதே குரல்! அந்த மூண்டு கண் முகமூடிக்குள்ளை நிண்டது நீங்களோ?"

அவன் திடுக்கிட்டான். "அகதியா வந்த புதுசு, அக்கா. ஒருத்தருக்கும் விளங்காத பாஷையிலை வாயிலை வந்ததைக் கத்தச் சொன்னவை, படம் எடுத்தவை."

யாருக்கும் விளங்காது என்ற துணிவில்தான் அன்று தமிழில் கத்தியிருந்தான்: "நான் இஞ்சை தனிச்சுப் போனன். ஆருக்காவது கேக்குதோ?"

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேட்டது, தம்பி."