ஈர விரல்

மூச்சுக்குத் தவித்த இறால்கள் கரையோரம் வந்து மிதந்தன. இப்போதே பிடிக்காவிட்டால் குட்டை மொத்தமும் செத்துவிடும். வலைக்காரர்கள் கரையில் காத்து நின்றார்கள். பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் பதியாத இறாலை ஏற்றுமதிக் கம்பெனி வாங்குவதில்லை என்பதால்தான் குட்டைக்காரன் அந்தோணிராஜும் அதில் சேர்ந்திருந்தான். அந்தக் கம்பெனியிலிருந்து வந்த பர்வீன் செல்போனை நீட்டினாள். ஏற்றுமதி இறாலுக்குத் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்து போட்டீர்களா, ஆமாவா இல்லையா என்று திரை கேட்டது. போட்டிருந்தான்.

"இல்லைன்னு அமுக்கிட்டு, பின்னால மாத்திக்கலாமாம்மா?"

"மாத்தவே முடியாதுண்ணே. அதனாலதான வெள்ளைக்காரன் நம்மள நம்புறான். நாளைக்கு லேப்ல சிக்குனா உங்க பேரு உலகம் பூரா நாறும்."

"ஆமான்னு அமுக்குனா?"

"வலைக்காரங்கள இப்பவே திருப்பி அனுப்பிருவேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தான். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை.

"தொடச்சுட்டு வைங்கண்ணே."

கைலியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.