வசந்தமலர் செய்த சர்வீஸ்

லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் பின்வளவில், காய்ந்த தொட்டியொன்றுக்குள் படகு மோட்டரை இறக்கிப் பூட்டியிருந்தாள் வசந்தமலர். சீசனுக்கு முன் வருசா வருசம் கணவர் பத்மநாதன் செய்கிற சர்வீஸ். இந்த முறை அவர் கதிரையில் இருந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, கியருக்கு இந்த ஒயில்தானே?" நல்லெண்ணெய்ப் போத்தலைக் காட்டினாள்.

அவர் தலையைப் பலமாக ஆட்டினார்.

"பிளக்கைச் சுத்தியலால தட்டி இறுக்கட்டோ?"

அதற்கும் தலையாட்டல்தான்.

"சரி, வாயே திறக்காமல் இருங்கோ. பழுதாப் போனால் உங்கடை மோட்டர்தான்!"

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"தண்ணி!" பத்மநாதன் கத்தினார். "தண்ணியில்லாமல் இழுக்காதை! பம்ப் எரியும்!"

வசந்தமலர் கயிற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். மகளை அழைத்தாள்.

"பிரசாந்தினி, அப்பா கதைச்சிட்டாரடி! ஸ்ட்ரோக் வந்து நாலு மாசத்தில முதல் தரம்! கதைச்சது மட்டுமில்லை, என்னை ஏசியும் போட்டார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோஜாச் செடிக்குப் பின்னால் காலையிலேயே இழுத்து ஒளித்து வைத்திருந்த ஹோஸ் பைப்பை எடுத்துத் தொட்டிக்குள் திறந்துவிட்டாள்.

பத்மநாதன் பைப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கள்ளி!" என்றார், அட்சர சுத்தமாக.