பூங்கோதை அக்காவின் விரல்

ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடிக்க எங்கள் ஆய்வகத்தில் செய்த மின்முனைச் சுருள் அது. குழாய் பருத்தால் விரியும், மெலிந்தால் சுருங்கும். விருத்தாசலத்துச் சூளையில் சுட்ட நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பீங்கான் குச்சியில் மாட்டிச் சோதித்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தேன். குச்சி மூன்று மில்லிமீட்டர் இருந்தது. சுட்ட பீங்கான் சுருங்காது.

“அளக்கத் தெரியாம ஒளறாத,” என்று ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான பூங்கோதை அக்கா சுருளைக் கழற்றித் தன் மோதிர விரலில் சுற்றிக்கொண்டார். விரல் பதினாறு மில்லிமீட்டர் இருந்தது. மூன்று மணிக்குப் பன்னிரண்டு. சுருளைக் கழற்ற முடியவில்லை. கத்தரி நுழைய இடமில்லை.

“வலிக்குதாக்கா?”

“இல்லடா. அதான் பயமா இருக்குது.”

நான்கரைக்கு எட்டு.

“ஆஸ்பத்திரிக்குப் போயி விரலையே எடுத்துடலாம், வாங்க,” என்றேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. சுருள் இல்லாத மறு கையை மேசைமேல் வைத்தார்.

“இதையும் அளடா.”

அந்த மோதிர விரலும் எட்டு மில்லிமீட்டர்தான் இருந்தது.