மூன்று செங்கல்

மண்வெட்டி எதிலோ பட்டு ‘டொக்’கென்றது.

ராயப்பன் அப்படியே நின்றான். உச்சி வெயில். வரதராஜன்பேட்டைக்குக் கிழக்கே அந்த அரண்மனை மேட்டில் அவனைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. ஊர் மொத்தமும் கடலை பிடுங்கப் போயிருந்தது, அவன் மனைவி செபஸ்தியம்மாளும் கூட.

மேட்டுக்கடியில் சோழராஜா ஏழு கொப்பரைப் பொன்னைப் புதைத்துவிட்டுப் போனான் என்பது ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியாது. தோண்டியவர்களுக்கெல்லாம் செங்கல் கிடைத்தது. பாதி ஊருக்கு அதுதான் சுவர். ஆழமாகப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. பொன்னைப் பூதம் காக்கிறது, எடுக்க வருபவனிடம் தலைச்சன் பிள்ளையைக் கேட்கும் என்பார்கள்.

ராயப்பனுக்கு அந்தப் பயம் இல்லை. அவனுடைய தலைச்சன்தான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாயிற்றே. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, வர வேண்டியது எங்கே என்பது அவன் நியாயம்.

அவன் பட்டாளத்தில், பர்மா எல்லையில் கிடந்தபோது பிறந்த ஆண்பிள்ளை. முகம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது, ஞானஸ்நானம் கொடுத்துக் கல்லறையில் அடக்கம் செய்தாயிற்று என்று கடிதம் வந்தது. யுத்தம் முடிந்து திரும்பியதும் செபஸ்தியம்மாள் அவனைக் கூட்டிப்போய், கல்லறைச் சுவரோரம் ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டினாள்.

இரண்டு கல்லறைத் திருநாளுக்கு அவன் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினான். அவன் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு மழைக்கும் அந்த மேடு கரைந்துகொண்டே வந்தது. அதன்மேல் சிலுவை வைத்து ஒரு கல் கட்டிவிட வேண்டும். கூலிக்காரனுக்கு அது ஆகிற காரியமா? அவனுக்குப் பொன் வேண்டியிருந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

போன வாரம் இந்த இலந்தை மரத்தடியில் மூன்று பழைய செங்கல் வரிசையாக நட்டிருந்ததைப் பார்த்தான். தானாகச் சரிந்த செங்கல் அப்படி நிற்காது. யாரோ அடையாளம் வைத்திருக்கிறார்கள். அடையாளம் என்றால் புதையல், வேறென்ன?

வீட்டில் சொன்னபோது செபஸ்தியம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

“அங்க மட்டும் வேண்டாங்க.”

பூதத்துக்குப் பயப்படுகிறாள் என்று அவன் சிரித்தான்.

இப்போது முழங்காலிட்டுக் கையால் மண்ணை விலக்கினான். கொப்பரை இல்லை, மண்பானை. வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பொன் பானையில் இருக்கக் கூடாதா என்ன என்று முடிச்சில் வைத்த கை நின்றுவிட்டது.

துணியின் கரை அவனுக்குத் தெரியும். கும்பகோணத்தில் நாலு கடை ஏறி இறங்கி அவன் எடுத்த கல்யாணப் புடவை.

உள்ளே ஒரு நீலக் கம்பளிக் குல்லா இருந்தது.

எல்லைக்குப் போகுமுன் ராஞ்சி முகாமில் இருந்தபோது கடைத்தெருவில் வாங்கியது. தலை எவ்வளவு பெரிசு என்று கடைக்காரன் கேட்டதற்கு, பிறக்காத பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தன் முஷ்டியைக் காட்டினான். விடுப்பில் வந்தவனிடம் கொடுத்தனுப்பினான். கத்திரி வெயிலில் வேகிற ஊருக்குக் கம்பளிக் குல்லாவா என்று முகாமே சிரித்தது. ஊருக்கு வந்ததும் அவளிடம் முதலில் கேட்டதே அளவு சரியாக இருந்ததா என்றுதான். எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

குல்லாவுக்குள் இருந்ததை அவன் தொடவில்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை மூன்று நாளெல்லாம் உயிரோடு இருந்திருக்காது. மூன்று மூச்சு இருந்திருக்கும். தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறையில் இடமில்லை, மோட்சத்திலும் இடமில்லை. ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒரு கை தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். எல்லாரும் சிறுவயதில் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் கோயில் உபதேசியாரைக் கூட்டிவர ஓடியிருப்பார்கள்.

பாவி, இவ்வளவையும் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. யாருமில்லாத மேட்டில் சத்தம்போட்டு அழுதான்.

பிறகு கழுத்துக் கயிற்றில் தொங்கிய உத்தரியத்தை, மாதா படம் தைத்த அந்தச் சின்னத் துணித்துண்டை, கழற்றினான். அவன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று செபஸ்தியம்மாள் போட்டுவிட்டது. இதைப் போட்டுக்கொண்டு சாகிறவனை மாதா கைவிடமாட்டாள், நேரே மோட்சம் என்று சொல்லித்தான் போட்டாள். குண்டு விழுந்தபோதும், குளிக்கும்போதும்கூட அவன் அதைக் கழற்றியதில்லை. அதைக் குல்லாவின்மேல் சுற்றி வைத்தான். பானையைக் கட்டினான். மண்ணைத் தள்ளி மூடி, மூன்று செங்கல்லையும் இருந்தபடியே நட்டான்.

சாயங்காலம் அவன் கொல்லையில் உட்கார்ந்து குளித்தபோது செபஸ்தியம்மாள் வழக்கம்போல முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

“நீ சொன்னதுதான் சரி செபஸ்தி. அங்க ஒண்ணுமில்ல, வெறும் செங்கல்லு.”

அடுத்த சொம்பு தண்ணீர் வரவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அவனுடைய வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சொம்பிலிருந்த தண்ணீரை மெதுவாக அவன் தலையில் ஊற்றினாள்.

“குல்லா அவனுக்குக் கொஞ்சம் பெரிசுங்க,” என்றாள்.