கன்னத்தோடு கன்னம்

காசுக்கு ஆடுவதே இழுக்கு என்றிருந்த காலம். காசு வாங்கிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆட வேறு அணிக்குப் போய்விட்டான் என்பதற்காக, பழைய கிளப்பின் அணிப் படத்தில் ஃபெர்கஸின் முகத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். கேப்டன் தோளில் அவன் போட்டிருந்த கை மட்டும் மிச்சம். அதைச் சுரண்டினால் கேப்டனின் தோளும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த குளிர்காலம், உறைந்த ஆற்றின்மேல் கிளப் மறுபடியும் படத்துக்கு நின்றது.

“மூச்சுகூட விடாதீங்க,” என்றார் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்த படக்காரர்.

பின்னால் ஸ்கேட் காலணிகள் பனியைக் கீறிக்கொண்டு வரும் சத்தம். யாராலும் திரும்ப முடியவில்லை. கேப்டனின் தோளில் ஒரு கை விழுந்தது.

“எடுடா கையை,” உதடு அசையாமல் உறுமினார் கேப்டன்.

“அசையாதீங்க, படம் கெட்டுடும்.” முன்பற்கள் இல்லாத வாயைத் திறந்து சிரித்தபடி, ஃபெர்கஸ் தன் கன்னத்தை அவர் கன்னத்தோடு அழுத்திக்கொண்டான். “இப்ப சுரண்டுங்க, பாப்போம்.”