கந்தப்பன் பேரை அழிச்சுப் போடுங்க

"கந்தப்பன் பேரை மட்டும் அழிச்சுப் போடுங்க, பாய்."

கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சென்னியப்பன் மேலே கைகாட்டினார். 'சென்னியப்பன் கந்தப்பன் பாத்திரக்கடை.' அண்ணனும் தம்பியும் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்திலேயே அவர்கள் அப்பா ஆசை ஆசையாக எழுதி மாட்டிய போர்டு. அவிநாசி கடைவீதியில் பாதிப்பேர் வழி சொல்வதே அதை வைத்துத்தான்.

பெயிண்டர் அப்துல் வஹீது ஏணியைச் சாத்தினார். வெள்ளையைச் சென்னியப்பனே வாளியில் கலக்கி வைத்திருந்தார். அவ்வளவு வீம்பு. வஹீது வாளியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஏணியில் ஏறினார்.

மகன் மிதுனுக்கு மனசே ஆறவில்லை. எல்லாம் அவன் கல்யாணத்தில் வந்த வினை. வேலை மும்முரத்தில் தம்பி வீட்டுக்குப் பத்திரிகையைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டார் சென்னியப்பன். கூடப்பிறந்தவனை நேரில் போய் அழைக்க வேண்டாமா? கந்தப்பன் கல்யாணத்துக்கும் வரவில்லை, அதன்பிறகு இந்தக் கடைப்படியும் ஏறவில்லை. எதிரிலேயே தனிக்கடை போட்டுவிட்டார். எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இப்போது அந்தக் கடையையும் மூடிவிட்டு, நாளைக்கு மகளோடு பெங்களூருக்கே போகிறார்.

"பெயிண்ட் அடிச்சுப்போட்டா அப்புறம் திரும்ப வராதுங்கப்பா. சித்தப்பா போனாலும் பேராச்சும் இருக்கட்டுங்க. நீங்க ஒருக்கா போய்ப் பேசிப் பாருங்க."

போன வாரமே போனாராம். அண்ணன் தலையைக் கண்டதும் தம்பி எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

"ஆளே போறான். பேரை வெச்சு என்ன பண்றது?" என்ற சென்னியப்பன், கந்தப்பன் சாமான் கட்டிக்கொண்டிருந்த எதிர்க்கடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் எழுத்து மறைந்தது. அடுத்த எழுத்தும் மறைந்தது. மூன்றாவதில் தூரிகையை வைக்கும்போது, கந்தப்பன் காலில் செருப்புக்கூட இல்லாமல் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"எங்கப்பன் எழுதுன பேருங்ணா அது. அழிக்கறதுக்கு நீங்க யாருங்ணா?"

கோபத்திலும் மரியாதை குறையவில்லை. எட்டு வருடம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து தன் நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"திட்டு கண்ணு. உக்காந்து நல்லாத் திட்டு."

பிறகு தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஏணியில் நின்ற வஹீதிடம் நீட்டினார்.

"சுண்ணாம்பு காயறதுக்குள்ள தொடச்சுப் போடுங்க, பாய்."