திருமதி சாமியார்

"ஏட்டி, பாஸ்டருக்குக் கவர்ல என்ன பட்டம் போடணும்?"

இசக்கித்துரை கேட்டதும் சண்முகசுந்தரிக்கு எரிச்சல். "போன தடவை போட்ட பட்டமே போதும். ஊரு இன்னும் சிரிச்சு முடிக்கல."

போன தடவைன்னா வீடு பால்காய்ச்சு. அப்ப பக்கத்துத் தெரு பாஸ்டரையும் அவர் சம்சாரத்தையும் அழைக்க, 'உயர்திரு சாமியார் அவர்கள், திருமதி சாமியார் அவர்கள்'னு எழுதிட்டான் மனுசன்.

இப்ப மக தேன்மொழி கல்யாணம். பிளஸ் டூ கணக்குல அவளைக் கரை சேத்ததே பாஸ்டரம்மாதான். "குருவிகுளத்துக்கு மாத்தலாகிப் போனா என்ன? அவங்க ரெண்டு பேரும் முன்னால நிக்கணும்ப்பா"ன்னு கண்டிசனாச் சொல்லிட்டா.

கார்டு அடிச்ச பிரஸ்காரர்கிட்ட கேட்டான். போன்ல தேடினான். 'அருள்திரு' போட்டா 'போதகர்' வேண்டாமா? அம்மா பேரு பக்கத்துலயா, கீழயா? அவங்க எம்.எஸ்ஸி.யை எங்கன வைக்க?

ஏழு கவர் வீணாப் போச்சு. எட்டாவது கவர்ல இண்டு இடுக்கு விடாம எழுதி, மை காயுமுன்ன ஒட்டிட்டான்.

தாம்பாளத்துல வச்சு நேர்லயே குடுத்தாங்க. "வார புதன்கிழமை சங்கரன்கோவில்ல ஐயா. மண்டபம், நேரம் எல்லாம் உள்ள இருக்கு."

கவரைப் பாத்த பாஸ்டர் பூரிச்சுப் போனார்.

புதன்கிழமை. தாலி ஏறும்போதும் தேன்மொழி கண்ணு வாசல்லதான். அவங்களைக் காணோம்.

பத்தரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து சேந்தாங்க. பாஸ்டரம்மா கையில வேற கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. ஒண்ணில்ல, மூணு!

"மூணு கல்யாணம் முடிச்ச பெறவுதான் நம்ம ஞாபகம் வந்திருக்கு, பாத்தியா?" அவங்க காதுபடவே சொன்னான் இசக்கித்துரை.

"மன்னிச்சிருங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார் பாஸ்டர். பந்தியில ரெண்டு பேருக்கும் ஒரு இட்லிகூட இறங்கல. இசக்கித்துரைக்கு அது வேற கடுப்பு.

மறுநாள் வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில கிடந்தது ஏழாவது கவர். எடுத்துப் பிரிச்ச சண்முகசுந்தரி தலையில கையை வச்சுட்டா. உள்ள கார்டு!

"அட பாவி மனுசா, வெறுங்கவரையால்ல ஒட்டிக் குடுத்திருக்கிய! சங்கரன்கோவில்ல இருக்க மண்டபமெல்லாம் அவுக ஏறி எறங்கில்லா வந்திருக்காக!"

இசக்கித்துரைக்கு அவமானமாப் போச்சு. உடனே போன் போட்டான். "ஐயா, தப்புப் பண்ணிட்டேன். நீங்க ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கக் கூடாதா?"

"அவ்வளவு ஆசையா எழுதியிருந்திய. உள்ள ஒண்ணும் இல்லன்னு சொன்னா கல்யாண நேரத்துல மனசு சங்கடப்படுமே தம்பி. தேடிக்கிடலாம்னு கிளம்பிட்டோம். போன எடத்துலல்லாம் கையைப் பிடிச்சு இலையில உக்கார வச்சுட்டாங்க. ஒரு மண்டபத்துல மைக்கைக் குடுத்து, மணமக்களை வாழ்த்திப் பேசவே வச்சுட்டாங்க."

பின்னாலருந்து பாஸ்டரம்மா சத்தம் கேட்டுது.

"அடுத்த விசேசத்துக்கு 'திருமதி சாமியார்'னே எழுதச் சொல்லுங்க. கார்டு மட்டும் உள்ள இருந்தாப் போதும்!"